ரான்டெஸின் முனையில் தங்கிவிட்ட ஒரு மெத்தியோனின்: நிகழ்வு ஆய்வு

ரான்டெஸ் என்ற மனிதக் கீமோகைனில் (செல்களைத் தன் பக்கம் நகரவைக்கும் சின்னச் சமிக்ஞைப் புரதம்) 68 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுக்கு முன்னால் 69ஆவதாக ஒரு மெத்தியோனின் ஒட்டிக்கொண்டால் போதும், வெள்ளணுக்களை அழைத்துவரும் புரதம் அந்த அழைப்பைத் தடுக்கும் புரதமாக மாறிவிடும். ஜெனீவாவில் கிளாக்ஸோ நிறுவனத்தின் ஆய்வகத்தில் அமான்டா ப்ரவுட்ஃபுட்டும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டு 1996இல் வெளியிட்டார்கள். கீமோகைன்களை ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரிப்பவர்களும், தயாரானதைக் குப்பியாக வாங்கிப் பயன்படுத்துபவர்களும் இந்த நிகழ்வை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இதே பிழை இன்றும் எந்த ஆய்வகத்திலும் நேரலாம். நேர்ந்தாலும் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் தெரியாது, தூய்மை 98 சதவீதம் என்று எழுதிய சான்றிதழிலும் தெரியாது.

புரதம் எப்படிப்பட்டது

ரான்டெஸ் மரபணுவை 1988இல் டி செல்களில் கண்டுபிடித்தார்கள். இப்போதைய முறைப்படி அதன் பெயர் சிசிஎல்5. செல்லுக்குள் 91 அமினோ அமிலங்களோடு உருவாகிறது. வெளியேறும்போது முன்னாலிருக்கும் 23 அமினோ அமிலச் சமிக்ஞைத் துண்டு வெட்டப்பட்டு, செரின், ப்ரோலின், டைரோசின் என்று தொடங்கும் 68 அமினோ அமில வடிவம் கிடைக்கிறது. 10, 11, 34, 50 ஆகிய இடங்களில் சிஸ்டீன்கள். 10ஆவது 34ஆவதோடும், 11ஆவது 50ஆவதோடும் டைசல்பைடு பாலம் போட்டுக்கொள்கின்றன. இரண்டு பாலங்களும் சரியாக விழுந்த புரதத்தின் நிறை 7847 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு). இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆய்வின் பாதி அதைச் சுற்றியே நடக்கிறது.

இது சிசிஆர்1, சிசிஆர்3, சிசிஆர்5 என்ற மூன்று ஏற்பிகளில் வேலை செய்கிறது. மோனோசைட், நினைவு டி செல், ஈசினோஃபில் ஆகியவை இதன் பின்னால் நகர்கின்றன. 1995 டிசம்பரில் ராபர்ட் காலோவின் ஆய்வகம், ரான்டெஸும் அதன் உறவுக்காரர்களான மிப்-1 ஆல்பா, மிப்-1 பீட்டாவும் ஹெச்.ஐ.வி.யை அடக்குகின்றன என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையும் துணைவாசல் சிசிஆர்5 என்பது தெளிவானது. அந்த ஏற்பிகளில் உட்காரக்கூடிய, ஆனால் தூண்டாத ஒரு புரதத்தின் மதிப்பு இதனால் எங்கோ போய்விட்டது. ஜெனீவா முடிவு சரியாக அந்த நேரத்தில்தான் வந்தது.

என்ன நடந்தது

முதிர்ந்த ரான்டெஸின் 68 அமினோ அமிலத் தொடரை ஈ. கோலையில் வெளிப்படுத்தினார்கள். எந்தப் புரதத்தையும் பாக்டீரியா மெத்தியோனினில்தான் கட்டத் தொடங்கும். பிறகு அதன் சொந்த நொதிகள் அந்த மெத்தியோனினைக் கழற்றிவிடும் என்பது எதிர்பார்ப்பு. இங்கே அது கழலவில்லை. கிடைத்த புரதம் முழுமையாக மடிந்திருந்தது. ஆனால் டிஹெச்பி-1 என்ற மோனோசைட் வகைச் செல்வரிசையில் கால்சியம் எழுச்சியும் (ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் கால்சியம் கூடுவது) இல்லை, செல் நகர்வும் இல்லை.

இந்த இடத்தில் பலர் அந்தத் தொகுதியை "செத்த புரதம்" என்று ஒதுக்கியிருப்பார்கள். ஜெனீவா குழு அதையே எதிர்த்திசையில் சோதித்தது. மெத்தியோனின் ஒட்டிய ரான்டெஸை முதலில் கொடுத்து, பிறகு சரியான ரான்டெஸைக் கொடுத்தால், இரண்டாவதற்கு வரவேண்டிய பதில் அடங்கிப்போனது. மிப்-1 ஆல்பாவுக்கும் அப்படியே. டி செல் நகர்வும் தடைப்பட்டது. அதே செல்களில் வேறு ஏற்பிகளைப் பிடிக்கும் இன்டர்லூக்கின்-8, எம்சிபி-1 என்ற கீமோகைன்களுக்கு வரும் பதில்கள் மட்டும் குறையவில்லை. ஆகவே அது செல்லுக்கு நஞ்சாகவில்லை, குறிப்பிட்ட ஏற்பிகளை மட்டும் அடைத்தது. கதிரியக்க அயோடின் ஒட்டிய ரான்டெஸோடும் மிப்-1 ஆல்பாவோடும் அது போட்டிபோட்டு இணைந்ததால், ஏற்பியில் உட்காருகிறது என்பதும் உறுதியானது. அதற்கு வைத்த பெயர் மெட்-ரான்டெஸ்.

இன்டர்லூக்கின்-8, எம்சிபி-1 என்ற அந்த இரண்டு கட்டுப்பாடுகளும் இல்லாதிருந்தால் இந்த முடிவுக்குப் பலமே இருந்திருக்காது. ஒரு புரதம் தடுக்கிறது என்று சொல்லுமுன், அது எதைத் தடுக்கவில்லை என்றும் காட்டியாக வேண்டும்.

மெத்தியோனின் ஏன் கழலவில்லை

முதல் மெத்தியோனினைக் கழற்றும் நொதி மெத்தியோனின் அமினோபெப்டிடேஸ். அதற்கு அடுத்திருக்கும் அமினோ அமிலத்தின் பக்கச்சங்கிலி சின்னதாக இருக்க வேண்டும். கிளைசின், அலனின், செரின், த்ரியோனின், சிஸ்டீன், ப்ரோலின், வாலின் என்றால் பொதுவாகக் கழலும். லைசின், ஆர்ஜினின், குளூட்டமின், லியூசின் போன்ற பெரிய பக்கச்சங்கிலி வந்தால் கழலாது.

ரான்டெஸில் அடுத்திருப்பது செரின். விதிப்படி கழல வேண்டும். ஆனால் செரினுக்குப் பின்னால் ப்ரோலின் இருக்கிறது, மெத்தியோனினையும் சேர்த்து எண்ணினால் மூன்றாம் இடத்தில் வரும் இந்த ப்ரோலின் நொதியின் கையைக் கட்டிப்போடும். போதாக்குறைக்கு, அதிக அளவில் வெளிப்படும் புரதம் இன்க்ளூஷன் பாடியாக (செல்லுக்குள் கரையாத புரத உருண்டை) திரண்டு ஒதுங்கிவிட்டால் நொதிக்கு வேலை செய்ய நேரமும் கிடைப்பதில்லை.

எனவே எந்தக் கீமோகைனைத் தயாரிக்கும் முன்பும் முதல் மூன்று எழுத்துகளை, அதாவது அமினோ அமிலங்களை, பாருங்கள். சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் லைசினில் தொடங்குகிறது. அதன் முன்னால் வெறும் மெத்தியோனினை வைத்து வெளிப்படுத்தினால் அது தங்கிவிடும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம். எம்சிபி-1 குளூட்டமினில் தொடங்குகிறது. இயற்கையில் அந்தக் குளூட்டமின் வளைந்து பைரோகுளூட்டமேட் ஆகிறது. முன்னால் மெத்தியோனின் நின்றால் அந்த வளைவே நடக்காது.

உட்கார்ந்தும் ஏன் தூண்டவில்லை

கீமோகைன் ஏற்பியோடு இரண்டு இடங்களில் பேசுகிறது. சிஸ்டீன்களுக்குப் பின்னால் வரும் இறுகிய உடல்பகுதி, ஏற்பியின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாடாவைப் பிடிக்கிறது. பிடி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சிஸ்டீன்களுக்கு முன்னால் தளர்வாகத் தொங்கும் அமினோ முனையோ, செல்சவ்வைத் துளைத்து நிற்கும் ஏழு சுருள்களுக்கு நடுவே உள்ள குழிக்குள் இறங்கி ஏற்பியைத் தூண்டுகிறது. ரான்டெஸில் அந்த முனையின் நீளம் வெறும் ஒன்பது அமினோ அமிலங்கள். அதில் ஒன்றைக் கூட்டினால் குழிக்குள் இறங்கும் கோணமும் ஆழமும் மாறிவிடுகின்றன, பிடி மட்டும் மிச்சமிருக்கிறது.

மெட்-ரான்டெஸை முழுத் தடுப்பான் என்று எழுதிவிடுவது இப்போதும் பரவலாக நடக்கிறது. சில செல்களில், சில அளவீடுகளில், அது மெல்லிய தூண்டியாகவும் நடந்துகொள்கிறது. உங்கள் செல்லில் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்க்காமல் "தடுப்பான்" என்று எழுதாதீர்கள்.

சரியான முனையோடு எடுப்பது

ஜெனீவா குழு எடுத்த வழி எளிமையானது. ரான்டெஸுக்கு முன்னால் மெத்தியோனின், மூன்று லைசின், ட்ரிப்டோபேன், ப்ரோலின், ஆர்ஜினின் என்ற ஏழு எழுத்துத் துண்டை வைத்தார்கள். ஆர்ஜினினுக்குப் பின்னால் வெட்டும் ஆர்க்-சி என்ற நொதியைக் கொண்டு அதை அகற்றினால், செரினில் தொடங்கும் ரான்டெஸ் கிடைக்கும். ரான்டெஸுக்குள்ளேயே 17, 21, 44, 47, 59 ஆகிய இடங்களில் ஆர்ஜினின் இருப்பதால் வெட்டும் நேரத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். மடிந்த புரதத்தில் உடல்பகுதி ஓரளவு பாதுகாப்பாக இருக்கும். வெட்டு முடிந்த பிறகும் நொதியை அப்படியே விட்டுவைத்தால் வெளியே தெரியும் வளைவுகளில் வெட்டு விழும். இடைவெளி விட்டுவிட்டு மாதிரி எடுத்து, நிறை பார்த்து நிறுத்துவதே பாதுகாப்பு.

இன்று பலர் சுமோ என்ற சின்னப் புரதத்தை முன்னால் இணைத்து, பிறகு யுஎல்பி1 நொதியால் வெட்டுகிறார்கள். அந்த நொதி சுமோவின் மடிப்பை அடையாளம் கண்டு அதன் முடிவில் வெட்டுவதால் மிச்சம் எதுவும் தங்காது. அடுத்த எழுத்து ப்ரோலினாக இருந்தால்தான் தகராறு, ரான்டெஸில் அது செரின். என்டரோகைனேஸும் மிச்சம் வைக்காத நொதிதான். டிஇவி, த்ராம்பின் என்ற நொதிகளின் வெட்டுத்தளங்களை யோசிக்காமல் பயன்படுத்தினால் முன்னால் ஒரு கிளைசினோ, கிளைசின்-செரினோ தங்கும், 1996இன் பிழை வேறு எழுத்தில் திரும்ப வரும். பிரித்தெடுக்க உதவும் ஹிஸ்டிடின் வாலை முன்னால் வைத்து வெட்டாமலே பயன்படுத்துவது எல்லாவற்றிலும் மோசம். வால் வேண்டுமென்றால் மறுமுனையான கார்பாக்சி முனையில் வையுங்கள்.

மடிப்புக்கு நல்ல பலன் தரும் ஒரு வழி இது. செல்லை உடைத்து, சுழற்றி, இன்க்ளூஷன் பாடியைக் கழுவி, 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு, 100 மில்லிமோலார் ட்ரிஸ், பிஹெச் 8.0, 1 மில்லிமோலார் டிடிடி (பாலங்களை அவிழ்க்கும் வேதிப்பொருள்) கொண்ட கரைசலில் கரைக்க வேண்டும். 60 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் தவறாக விழுந்த பாலங்கள் அவிழும். அடுத்து 100 மில்லிமோலார் ட்ரிஸ், பிஹெச் 8.0, 1 மில்லிமோலார் ஒடுக்கிய குளூட்டாதயோன், 0.1 மில்லிமோலார் ஆக்சிஜனேற்றிய குளூட்டாதயோன் கொண்ட பஃபரில் சொட்டுச்சொட்டாக விட்டு, குவானிடின் 1 மோலாருக்குக் கீழே இறங்கும்வரை நீர்க்கச் செய்து, இரவு முழுக்க மெல்லக் கலக்கியபடி விட வேண்டும்.

இந்தப் படியில் அவசரம்தான் எதிரி. காந்தக் கலக்கி சுழலும் பீக்கரில் சொட்டு விழும் இடத்தைக் கவனியுங்கள். விழுந்த சொட்டு பளிங்காகக் கலந்து மறைந்தால் வேகம் சரி. விழுந்த இடத்தில் பால் சிந்தியதுபோல ஒரு வெள்ளை இழை தோன்றி, சுழன்று, கரையாமல் நின்றால் வேகம் அதிகம். அந்த இழை மடியாமல் திரண்டுபோன புரதம். பிறகு எவ்வளவு கலக்கினாலும் அது திரும்பாது.

மறுநாள் அசிட்டிக் அமிலத்தால் பிஹெச்சை 4.5க்கு இறக்கினால் பாக்டீரியாப் புரதங்களில் பல வீழ்படிவாகும். அதை 0.45 மைக்ரான் வடிகட்டியில் நீக்கிவிட்டு நேர்மின்னயனிப் பரிமாற்றக் குழாயில் (column) ஏற்றலாம். ரான்டெஸ் நல்ல காரத்தன்மையுள்ள புரதம் என்பதால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். 20 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட்டில், உப்பை பூஜ்யத்திலிருந்து 2 மோலார்வரை ஏற்றிக்கொண்டே போனால் வெளியேறும். 1 சதவீத அசிட்டிக் அமிலத்திலும், அடுத்து 0.1 சதவீத டிரைஃப்ளுவோரோஅசிட்டிக் அமிலத்திலும் டயாலிசிஸ் செய்து உறையுலர்த்தலாம். செல்களில் பயன்படுத்தும் புரதத்தில் இந்த அமில மிச்சம் எவ்வளவு என்பதையும் கவனத்தில் வையுங்கள். செறிந்த கரைசலைக் குறைந்த பஃபரில் ஊற்றினால் ஊடகத்தின் பிஹெச் சரியும், அதைக் கீமோகைனின் விளைவு என்று படிக்கும் ஆபத்து உண்டு.

நிறையைப் பாருங்கள், ஜெல்லை நம்பாதீர்கள்

மெத்தியோனின் சேர்ந்தால் நிறை 131 டால்டன் கூடி 7978 ஆகிறது. எஸ்டிஎஸ் ஜெல்லில் 7847ம் 7978ம் ஒரே கோடு. எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தை அளக்கும் எலைசாவிலும் பெரும்பாலும் ஒன்றுதான், எதிர்ப்பொருள் அந்த முனையையே அடையாளம் காண்பதாக இல்லாவிட்டால் வேறுபாடு தெரியாது. வேறுபாட்டைக் காட்டுபவை இரண்டு. ஒன்று நிறை நிறமாலை. மற்றது, முன்முனையிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் படிக்கும் எட்மன் முறை. அதில் முதல் சுழற்சியில் செரின் வந்தால் சரி, மெத்தியோனின் வந்தால் உங்கள் கையிலிருப்பது வேறு மருந்து.

நிறை எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இன்னும் பல சேதிகள் கிடைக்கும். 7851 என்றால் நான்கு ஹைட்ரஜன் கூடுதல், இரண்டு பாலமும் விழவில்லை. 16 கூடியிருந்தால் 67ஆம் இடத்து மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. 184 குறைந்து 7663 வந்தால் முன்னாலிருக்கும் செரினும் ப்ரோலினும் போய்விட்டன. அது எப்படி நேர்கிறது என்பதைக் கீழே பார்ப்போம். இரண்டு உச்சங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து, ஒன்று 7847, மற்றொன்று 7978 என்றால் நிலைமை இன்னும் மோசம்: தூண்டியும் தடுப்பானும் ஒரே குப்பியில். அப்படிப்பட்ட தொகுதி முற்றிலும் செத்துப்போவதில்லை, பலவீனமாக வேலை செய்யும். ஆய்வாளர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், அதோடு தடுப்பானும் கூடிக்கொண்டே போகும்.

மனித உடலில் பிளேட்லெட் வெளியிடும் ரான்டெஸில் 4, 5ஆம் செரின்களில் சர்க்கரைத் தொடர்கள் ஒட்டியிருக்கலாம். ஈ. கோலைப் புரதத்தில் அது இருக்காது. பாலூட்டிச் செல்லில் தயாரித்த புரதத்தின் நிறை 7847ஐவிடக் கூடினால் பதற வேண்டாம், அந்தக் கூடுதல் எதனால் என்று சரிபார்த்தால் போதும்.

குப்பியைத் திறக்கும்போது

உறையுலர்ந்த 10 மைக்ரோகிராம் குப்பியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூடியைத் திறக்கும் முன் ஒரு தடவை சுழற்றுங்கள், அடியில் இருக்க வேண்டியது மூடியில் ஒட்டியிருக்கலாம். 100 மைக்ரோலிட்டர் தூய நீரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது சுமார் 12.7 மைக்ரோமோலார். 1 நானோமோலார் என்பது மில்லிலிட்டருக்கு 7.8 நானோகிராம். குழுக்கள் பேசிக்கொள்ளும்போது ஒருவர் நானோகிராமிலும் மற்றவர் நானோமோலாரிலும் சொல்வதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல, இந்த மாற்றத்தைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவைக்கலாம். உறிஞ்சுதல் அளந்து சரிபார்ப்பதானால், ஒரு ட்ரிப்டோபேனும் ஐந்து டைரோசினும் இருப்பதால் 280 நானோமீட்டரில் 1 மில்லிகிராம்/மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1.68 வரும்.

முதலில் பிபிஎஸ்ஸில் (நடுநிலை பிஹெச் உள்ள உப்பு பஃபர்) கரைக்காதீர்கள். நடுநிலை பிஹெச்சில் ரான்டெஸ் தனக்குள் ஒட்டி நீண்ட திரள்களாகும். அமிலப் பக்கம் பிஹெச் 4க்குக் கீழே இருக்கும்போதுதான் பெரும்பாலும் இரட்டையாக நிற்கிறது. அதனால் மூலக்கரைசலை நீரிலோ மெல்லிய அமிலத்திலோ வைத்து, செல்லுக்குப் போகும் நேரத்தில் 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) உள்ள பஃபரில் நீர்க்கச் செய்வது நல்லது. காரத்தன்மையுள்ள புரதம் சாதாரண பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். பிஎஸ்ஏ இல்லாமல் 1 நானோமோலாருக்கு நீர்த்து அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால், டியூபின் சுவரில் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டாத டியூபுகளில் சின்னப் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள். ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

ஈ. கோலையில் வந்த எதிலும் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் நச்சு, எல்பிஎஸ் என்றும் சொல்வார்கள்) சந்தேகம் உண்டு. மோனோசைட் எதற்கு எழுந்தது, ரான்டெஸுக்கா எல்பிஎஸ்ஸுக்கா? கொதிக்கவைத்துப் பார்க்கும் பழைய சோதனை இங்கே ஏமாற்றும். எல்பிஎஸ் கொதித்தாலும் அழியாது, இரண்டு பாலங்களால் கட்டிய சின்னப் புரதமும் சூடு தாங்கி ஆறியதும் திரும்ப மடியக்கூடும். எல்பிஎஸ்ஸைக் கட்டிப்போடும் பாலிமிக்ஸின் பி சேர்த்த கட்டுப்பாட்டை வைப்பதும், எண்டோடாக்சின் அளவை எண்ணாக அறிவதும்தான் வழி. காரப்புரதமும் அமிலத்தன்மையுள்ள எல்பிஎஸ்ஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் என்பதால் அயனிப் பரிமாற்றக் குழாய் ஒன்றால் மட்டும் இது முழுதாகப் போகாது.

கால்சியமும் நகர்வும்

கால்சியம் சோதனையில் டிஹெச்பி-1 செல்களில் கால்சியத்தைக் காட்டும் ஃபூரா-2 சாயத்தை ஏற்றி, 340, 380 நானோமீட்டரில் தூண்டி, 510இல் படிக்கலாம். முதலில் 60 விநாடி அடிக்கோடு. 10 நானோமோலார் ரான்டெஸ் விழுந்ததும் சில விநாடிகளில் கோடு செங்குத்தாக எழுந்து, பிறகு மெல்லச் சரிந்து பழைய இடத்துக்கு வர வேண்டும். இறுதியில், ஏற்பி இல்லாமலே கால்சியத்தை உள்ளே விடும் அயனோமைசின் கொடுத்து செல்லில் சாயம் ஏறியிருப்பதை உறுதி செய்யுங்கள். கோடே எழவில்லையென்றால் முதலில் செல்லைக் குற்றம் சொல்லாமல், அதே செல்லில் எம்சிபி-1 கொடுங்கள். அதற்கு எழுந்தால் செல் நலமாக இருக்கிறது, சந்தேகம் ரான்டெஸ் குப்பியின் மேல் போக வேண்டும்.

இங்கே வரிசை முக்கியம். சந்தேகத்துக்குரிய புரதத்தைக் கொடுத்து, கோடு அசையாமல் இருக்கக் கண்டு, இரண்டு நிமிடம் கழித்து நம்பகமான ரான்டெஸைக் கொடுங்கள். எழவில்லையென்றால் முதலாவது தடுப்பான். முதலாவதுக்கே எழுச்சி வந்திருந்து, இரண்டாவதுக்கு வரவில்லையென்றால் அது ஏற்பி களைப்பு, தடுப்பு என்று படிக்கக்கூடாது. முதலாவதுக்கு ஒன்றும் இல்லாமல், இரண்டாவதுக்கு முழு எழுச்சி வந்தால் உங்கள் குப்பி உண்மையாகவே செத்தது. ஒரே படத்தில் மூன்று முடிவுகளும் பிரிந்துவிடும். ஜெனீவா குழு கேட்ட கேள்வியும் இதுதான்.

நகர்வுச் சோதனையில் 5 மைக்ரான் துளையுள்ள டிரான்ஸ்வெல் (மேலறையையும் கீழறையையும் துளைச்சவ்வால் பிரிக்கும் கிண்ணம்) போதும். 24 குழித் தட்டில் மேலே 100 மைக்ரோலிட்டரில் செல்கள், கீழே 600 மைக்ரோலிட்டரில் ரான்டெஸ். அளவு 0.1 முதல் 100 நானோமோலார்வரை பத்து மடங்குப் படிகளில் மட்டும் போகாமல், நடுவில் மூன்று மடங்குப் படிகளையும் வையுங்கள். விடை மணிவடிவம்: ஏறும், உச்சம் தொடும், இறங்கும். ஒரே ஒரு அளவை மட்டும் வைத்துச் சோதித்து அது இறங்கும் பக்கத்தில் விழுந்தால், நல்ல புரதத்தைச் செத்தது என்பீர்கள். மேலும் கீழும் ஒரே அளவு ரான்டெஸ் வைத்த குழியும் வேண்டும். அங்கேயும் செல்கள் கீழே இறங்கினால் அது திசையற்ற அலைச்சல். ஏற்பியின் சேதியைக் கடத்தும் ஜி-புரதத்தை முடக்கும் பெர்ட்யூசிஸ் நச்சில் (100 நானோகிராம்/மில்லிலிட்டர்) முன்கூட்டி வைத்த செல்கள் நகரக்கூடாது. சிசிஆர்5 வழியா என்று அறிய, அந்த ஏற்பியை அடைக்கும் மாராவிராக் மருந்து உதவும், அது சிசிஆர்1ஐத் தொடாது என்பதால் டிஹெச்பி-1இல் மிச்சப் பதில் நின்றால் வியக்க வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட டியூபில் எடுத்த ரத்தத்திலிருந்து செல் பிரித்தால் நன்றாகக் கழுவுங்கள். ரான்டெஸின் 44 முதல் 47 வரையுள்ள ஆர்ஜினின், லைசின், ஆஸ்பராஜின், ஆர்ஜினின் என்ற திட்டு ஹெப்பாரினையும் செல்மேல் உள்ள ஹெப்பரான் சல்பேட்டையும் பிடிக்கும். கரைசலில் மிஞ்சிய ஹெப்பாரின் உங்கள் ரான்டெஸை ஏற்பிக்குப் போகவிடாமல் உறிஞ்சிவிடும். ஜெனீவா குழுவினரே பின்னாளில் அந்தத் திட்டில் காரத்தன்மையுள்ள மூன்று அமினோ அமிலங்களை அலனினாக மாற்றிப் பார்த்தார்கள். அந்தப் புரதம் டிரான்ஸ்வெல்லில் செல்லை நகர்த்தியது, எலியின் வயிற்றறையில் செல்லைச் சேர்க்கவில்லை. ஆய்வகக் கிண்ணத்தில் வேலை செய்வது உடலுக்குள்ளும் வேலை செய்யும் என்று எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய முடிவு அது.

அளவு கூடினால் நடத்தையே மாறும்

நானோமோலாரில் ரான்டெஸ் ஜி-புரத ஏற்பி வழியாகப் பேசுகிறது. 1 மைக்ரோமோலாரை நெருங்கும்போது டி செல்களில் முதல் கால்சியம் எழுச்சிக்குப் பின்னால் நீண்ட இரண்டாவது எழுச்சியும், டைரோசின் கைனேஸ் செயல்பாடும் தோன்றுகின்றன. இதைத் திரண்ட ரான்டெஸோடு தொடர்புபடுத்திக் காட்டியிருக்கிறார்கள். 66ஆம் இடத்து குளூட்டமிக் அமிலத்தைச் செரினாக்கினால் பெருந்திரள் உருவாவது நின்று, அந்த விளைவும் போய்விடுகிறது. "செல் தூண்டப்பட்டது" என்று முடிவெழுதும் முன் பயன்படுத்திய அளவைப் பாருங்கள். மைக்ரோமோலாரில் வந்த விளைவைச் சிசிஆர்5இன் கணக்கில் எழுதுவது தவறு.

கிண்ணத்திலேயே வெட்டப்படுவது

சரியான முனையோடு வாங்கி, சரியாகக் கரைத்து, நாள் முழுக்கச் சீரம் உள்ள ஊடகத்தில் வைத்தாலும் முனை மாறலாம். டிபிபி4 என்ற நொதி, சிடி26 என்ற பெயரில் டி செல் மேலேயே இருக்கிறது, சீரத்தில் கரைந்தும் இருக்கிறது. இரண்டாம் இடத்தில் ப்ரோலின் இருந்தால் முதல் இரண்டையும் கத்தரித்துவிடும். ரான்டெஸின் தொடக்கம் செரின்-ப்ரோலின், நேரான இரை. மிஞ்சும் 3 முதல் 68 வரையிலான வடிவம் சிசிஆர்1இலும் சிசிஆர்3இலும் தூண்டும் சக்தியை இழக்கிறது, சிசிஆர்5இல் வேலை செய்கிறது. அதாவது காலையில் மூன்று ஏற்பிப் புரதம், மாலையில் ஒரே ஏற்பிப் புரதம். மேலே சொன்ன 7663 டால்டன் இதுதான்.

மெட்-ரான்டெஸில் ப்ரோலின் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டுவிடுவதால் இந்தக் கத்தரிக்கு அது ஏற்ற இரையல்ல. நீண்ட நேரச் சோதனைகளில் ரான்டெஸையும் மெட்-ரான்டெஸையும் ஒப்பிடும்போது ஒன்று சிதைகிறது, மற்றொன்று சிதையவில்லை என்ற ஏற்றத்தாழ்வு கணக்கில் வர வேண்டும். டிபிபி4 தடுப்பானைச் சேர்த்த ஒரு குழியும், குறுகிய நேரச் சீரமற்ற ஒரு சோதனையும் வைத்தால் இந்தச் சந்தேகம் தீரும்.

இந்தப் பிழையிலிருந்து கிளைத்தவை

முனையைத் தொட்டால் நடத்தை மாறும் என்று தெரிந்தவுடன் முனையை வேண்டுமென்றே மாற்றத் தொடங்கினார்கள். முதல் செரினைப் பெரயோடேட்டால் ஆக்சிஜனேற்றி, அங்கே அமினோஆக்சிபென்டேன் சங்கிலியை ஒட்டியது ஏஓபி-ரான்டெஸ். 1997இல் வெளிவந்த அது ஹெச்.ஐ.வி.யை நன்றாகத் தடுத்தது. சிசிஆர்5ஐச் செல்லுக்குள் இழுத்து, மீண்டும் மேலே வரவிடாமல் வைத்திருப்பதே அதன் வழி என்று அடுத்த ஆண்டு காட்டினார்கள். மெட்-ரான்டெஸ் எலியின் கொலாஜன் மூட்டழற்சி போன்ற மாதிரிகளில் சோதிக்கப்பட்டது. 2004இல் பிஎஸ்சி-ரான்டெஸ் குரங்குகளில் யோனிவழித் தொற்றைத் தடுத்தது. ஆனால் அதன் முனையில் இயற்கையல்லாத துண்டுகள் இருப்பதால் செயற்கைத் தொகுப்பில்தான் செய்ய முடியும், செலவு அதிகம். 2008இல் ஜெனீவாவிலிருந்து வந்த 5பி12-ரான்டெஸ் இருபது இயற்கை அமினோ அமிலங்களால் மட்டுமே ஆனது. அதை மரபணு வழியாகவே தயாரிக்கலாம். அது சிசிஆர்5ஐத் தூண்டவும் இல்லை, உள்ளே இழுக்கவும் இல்லை, வாசலில் நின்று அடைத்தது.

5பி12இன் முனை குளூட்டமினில் தொடங்கி, கிளைசின், இரண்டு ப்ரோலின், லியூசின் என்று போகிறது. தயாரிக்கும்போது முன்னால் மெத்தியோனின் தங்கினால் அந்தக் குளூட்டமின் பைரோகுளூட்டமேட்டாக வளையாது. 131 டால்டன் கூடுதலாக இருக்கிறதா என்ற கேள்வியை அதன் ஒவ்வொரு தொகுதியிலும் கேட்டாக வேண்டும்.